44ஆம் அளவுக்கும் ஒரு படம் வேண்டும்: இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மும்பையிலுள்ள இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுவின் (ASCI) மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மதுரை விளக்குத்தூண் பகுதியில் பெண்களுக்கான உள்ளாடைக் கடை நடத்தி வருகிறேன். உள்ளாடை விளம்பரம் என்றாலே நம் நாட்டில் பேச்சு ஆபாசத்தில் தொடங்கி ஆபாசத்திலேயே முடிந்துவிடுகிறது. எவ்வளவு தெரிகிறது, எந்த நேரத்தில் ஒளிபரப்பலாம் என்பதைத் தாண்டி அது நகர்வதில்லை. இந்த மடலில் நான் எழுப்புவது வேறொரு கேள்வி. அந்த விளம்பரங்களில் நிற்கும் உடல் எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கிறது. அழகைப் பற்றிய ஒரு குறுகிய எண்ணத்தை அது பரப்புவதோடு, விற்கப்படும் பொருளைப் பற்றிய உண்மையையும் மறைக்கிறது. உண்மைத்தன்மையைக் காப்பது உங்கள் நெறிமுறையின் முதல் அத்தியாயம் என்பதால் இந்த முறையீட்டை உங்களிடமே வைக்கிறேன்.

என் கடையின் அலமாரியில் அடுக்கியிருக்கும் பிரா பெட்டிகளின் ஓரத்தில் 32/80, 34/85, 36/90 என்று தொடங்கி 40, 42, 44 வரை அளவுகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. முகப்பில் இருக்கும் படம் மட்டும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றே: ஒல்லியான, வெளுத்த நிறமுடைய, பெரும்பாலும் வெளிநாட்டு முகச்சாயல் கொண்ட ஓர் இளம்பெண். தொலைக்காட்சியிலும் விளம்பரப் பலகையிலும் கைபேசியிலும் வருகிறவளும் அவளே. இந்தத் தொழிலில் ஒரு புதிய வடிவத்தை முதலில் ஒரே அளவில், வழக்கமாக 34பி அளவில் ('பி' என்பது மார்பை ஏந்தும் கப்பின் அளவு), மாதிரியாகத் தைத்துப் பார்த்துவிட்டு, மற்ற அளவுகளை அதிலிருந்து கணக்கிட்டுப் பெருக்கியும் குறைத்தும் எடுக்கிறார்கள். ஆனால் பெரிய அளவு என்பது சிறிய அளவின் பெரிதாக்கப்பட்ட நகல் ஆகாது. மார்பின் எடையைத் தாங்குவதில் பெரும்பங்கு தோள்பட்டிக்கு உரியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உடலைச் சுற்றி வரும் அடிப்பட்டைதான் அந்த வேலையைச் செய்கிறது. எனவே பெரிய அளவுகளில் பட்டை அகலமாக வேண்டும், இரண்டு கொக்கி இருந்த இடத்தில் மூன்றோ நான்கோ வேண்டும், தோள்பட்டி அகன்றிருக்க வேண்டும், கப்பைப் பல துண்டுகளாக வெட்டி இணைக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் வெறுமனே பெரிதாக்கித் தைத்தால் பட்டி தோளை அறுக்கும், பின்பட்டை முதுகில் மேலேறும், கப்புக்கு மேலே சதை பிதுங்கும். 34ஆம் அளவு அணிந்த பெண்ணின் படத்தில் இந்தக் குறைகளில் ஒன்றுகூடத் தெரியாது. 44ஆம் அளவு வாங்குகிறவளுக்கு அந்தப் படம் தன் பொருளைப் பற்றி எதையுமே சொல்வதில்லை. ஆனாலும் அதை நம்பித்தான் அவள் பணம் கொடுக்கிறாள். விளம்பரத்தில் சொல்வதற்கு ஆதாரம் காட்ட முடிய வேண்டும் என்கிறது உங்கள் நெறிமுறை. 'எல்லா அளவிலும் கிடைக்கும், கச்சிதமாகப் பொருந்தும்' என்று கூறும் நிறுவனம், பெரிய அளவில் அது பொருந்தி நிற்கும் ஒரு படத்தையாவது காட்டக் கடமைப்பட்டதில்லையா?

பொருந்தாத உள்ளாடையைப் போட்டுப் பார்த்த பெண் அந்த நிறுவனத்தைக் குறை சொல்வதில்லை. இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. "எனக்கெல்லாம் எதுவும் சரியா இருக்காதும்மா", "கொஞ்சம் உடம்பைக் குறைச்சிட்டு வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெட்டியில் இருக்கிறவளுக்குப் பொருந்துகிறது, தனக்குப் பொருந்தவில்லை, ஆகவே பிழை தன் உடலில்தான் என்பது அவர்கள் வந்தடையும் முடிவு. பிள்ளை பெற்று மார்பு கனத்த தாய்மார்கள் தங்கள் அளவைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். கல்லூரிப் பெண்களிடம் இதே வேதனை எதிர்த் திசையில் இருக்கிறது: மெலிந்த மார்புள்ளவர்கள், தமக்குச் சரியான அளவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், பேடு தடிமனாக வைத்ததைத்தான் கேட்கிறார்கள். ஆகவே என் முறையீட்டைப் பருமனானவர்களுக்காக மட்டும் எழுதியது என்று கொள்ள வேண்டாம்.

2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 24 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடையைவிடக் கூடுதலாக இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இது 40 விழுக்காடு. அதே ஆய்வு, இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 19 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள் என்றும் சொல்கிறது. எடையின் நலக்கேடுகளைப் பற்றி மருத்துவர்கள் பேசட்டும். பருமனான உடலைக் காட்டுவது பருமனை ஊக்குவிப்பதாகும் என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் எளிமையானது: அந்த நிறுவனங்கள் ஏற்கெனவே 44ஆம் அளவைத் தைத்து, விலை போட்டு, விற்றுக்கொண்டிருக்கின்றன. பணம் வாங்கும்போது ஏற்றுக்கொண்ட உடலைப் படம் எடுக்கும்போது மட்டும் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? இந்தியர்களுக்கென ஓர் அளவுப் பட்டியல் இல்லாத குறையைப் போக்க, ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000க்கும் மேற்பட்டோரை முப்பரிமாணக் கருவியால் அளக்கும் திட்டத்தை ஒன்றிய ஜவுளி அமைச்சகமும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமும் மேற்கொண்டன. நம் உடல்கள் அயல்நாட்டுப் பட்டியலுக்குள் அடங்கவில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கும்போது, விளம்பரம் மட்டும் அயல்நாட்டு உடலையே அளவுகோலாக வைத்திருக்கிறது.

உங்களால் இதை மாற்ற முடியும் என்று நம்புவதற்கு உங்கள் கடந்தகாலமே எனக்குச் சான்று. கருத்த நிறமுடையவர்களை அழகற்றவர்களாகவும் மகிழ்ச்சியற்றவர்களாகவும் காட்டக் கூடாது என்று 2014இல் சிவப்பழகுக் களிம்பு விளம்பரங்களுக்கு நீங்கள் விதி வகுத்தீர்கள். 2020இல் அந்தச் சந்தையின் மிகப் பெரிய களிம்பே தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. 2022 ஜூனில் ஆண் இப்படி, பெண் இப்படி என்ற பழகிப்போன எண்ணங்களுக்கு எதிராக நீங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒருவருடைய உடலமைப்பே அவருடைய தோல்விக்குக் காரணம் என்று விளம்பரம் உணர்த்தக் கூடாது என்கிறது. நல்ல விதி. ஆயினும் அது கேலியைத் தடுக்கிறதே ஒழிய, அடியோடு விலக்கிவைப்பதைத் தடுக்கவில்லை. உள்ளாடை விளம்பரத்தில் பெரிய உடலை யாரும் கேலி செய்வதில்லை, ஏனென்றால் அது அங்கே இடம்பெறுவதே இல்லை.

வாசகத்தை மட்டும் திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2014இல் பிரிட்டனில் நடந்ததை நினைவூட்டுகிறேன். விக்டோரியாஸ் சீக்ரெட் நிறுவனம் ஒல்லியான மாடல்களை வரிசையாக நிறுத்தி அதன் மேல் 'குறையற்ற உடல்' என்ற பொருள்படும் வாசகத்தை எழுதியது. லீட்ஸ் நகர மாணவிகள் தொடங்கிய மனுவில் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்ட பிறகு, ஒவ்வோர் உடலுக்கும் ஏற்றது என்ற பொருளில் வாசகம் மாறியது. படத்தில் நின்றவர்கள் மாறவில்லை. படம் திருத்தப்பட்டது என்று குறிப்பு எழுதச் செய்வதாலும் பெரிய பயன் விளைந்துவிடவில்லை. மாடலின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ திருத்திய படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்ஸ் 2017 அக்டோபரிலும், உடலின் வடிவு, அளவு, தோல் ஆகியவற்றைத் திருத்தியிருந்தால் குறியிட வேண்டும் என்று நார்வே 2022 ஜூலையிலும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் இத்தகைய குறிப்பைப் படித்த பிறகும் பெண்கள் தம்மை ஒப்பிட்டு வருந்துவது குறையவில்லை என்றே பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாறாக, அமெரிக்காவின் 'ஏரி' (Aerie) என்ற உள்ளாடை நிறுவனம் 2014 முதல் தன் மாடல்களின் உடலைக் கணினியில் திருத்துவதையே நிறுத்தியது. வணிகம் வீழவில்லை, வளர்ந்தது.

ஆகவே நான் வேண்டுவது இது. ஓர் உள்ளாடை விளம்பரம் இந்த அளவு முதல் இந்த அளவு வரை கிடைக்கும் என்று சொன்னால், அதே விளம்பரத் தொடரில் மிகச் சிறிய அளவையும் மிகப் பெரிய அளவையும் அந்தந்த அளவுள்ள உடலில் அணிவித்துக் காட்ட வேண்டும். மாடல் அணிந்திருப்பது எந்த அளவு என்பதைப் படத்திலேயே எழுத வேண்டும். இணையத்தில் விற்பவர்கள், வாங்குபவர் அளவைத் தேர்ந்தெடுத்ததும் அந்த அளவின் படத்தைக் காட்ட வேண்டும். உள்ளாடை பொருந்தும் விதத்தைப் பொய்யாகக் காட்டும் வகையில் உடலின் வடிவத்தையோ துணி உடலில் படியும் விதத்தையோ கணினியில் திருத்துவதைத் தடை செய்ய வேண்டும். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய உடலை இதற்குச் சான்றாக ஏற்கக் கூடாது, ஏனென்றால் அந்த உடல் அந்தத் துணியை ஒருபோதும் அணிந்ததில்லை. மெய்யான மனிதரல்லாத இணையப் பிரபலங்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2021இலேயே விதித்த உங்களுக்கு இது புதிய கொள்கையாக இருக்காது. பெட்டியின் முகப்புப் படத்தையும் இந்த விதிக்குள் கொண்டுவாருங்கள், எங்கள் ஊர்ப் பெண்களில் பலர் பார்க்கும் ஒரே விளம்பரம் அதுதான்.

செலவு கூடும் என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். இன்னும் இரண்டு மாடல்களுக்குத் தரும் ஊதியம், பெரும் நடிகைகளுக்குத் தரும் தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. உங்கள் நெறிமுறையை மீறும் விளம்பரத்தைக் கேபிள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பக் கூடாது என்று அரசின் விதியே சொல்வதால், நீங்கள் எழுதும் ஒரு பத்திக்கு வெறும் அறிவுரையைவிடக் கூடுதலான வலு உண்டு. அந்தப் பத்தியை எழுத அமரும்போது நிறுவனங்களின் விளம்பரப் பிரிவினரோடு, திருப்பூரில் இவற்றைத் தைப்பவர்களையும், அளவு நாடாவோடு நாள்தோறும் பெண்களை அளந்து கொடுக்கும் எங்களைப் போன்ற கடைக்காரர்களையும் அழைத்துக் கேளுங்கள். வரச்சொன்னால் நான் என் செலவிலேயே மும்பை வருகிறேன். பெட்டிகளையும் அதே பெட்டிகளிலிருந்து எடுத்த 34, 44 அளவு உள்ளாடைகளையும் உங்கள் மேசையில் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஓர் உள்ளாடைக் கடைக்காரப் பெண்