21 உருப்படித் தேநீர் செட் பற்றிய முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,

உங்கள் இணையக் கடையில் “1950களின் ஜப்பான் நொரிடேக், முழுச் செட், பழுதில்லை” என்று போட்டு 38,500 ரூபாவுக்கு விற்ற தேநீர் செட், கடந்த மாதம் 14ஆம் திகதி உப்புவெளிக்கு வந்து சேர்ந்தது. குரியர் கூலி 1,850 ரூபா தனி. விளம்பரத்தில் சொன்ன மூன்றுமே பொய்.

முதலாவது, வயது. கோப்பைகளின் அடி முத்திரையில் நொரிடேக் என்ற ஜப்பானியப் பீங்கான் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே ஸ்ரீலங்கா என்று தெளிவாக இருக்கிறது. நாடு அந்தப் பெயரை எடுத்தது 1972 மே 22இல். நொரிடேக் மாத்தளையில் தொழிற்சாலை தொடங்கியதும் 1970களில்தான். பிறகெப்படி இது 1950களின் ஜப்பான் சாமான் ஆகும்? மாத்தளைச் சாமான் தரத்தில் குறைந்ததில்லை, அதையும் விரும்பி வாங்குபவர்கள் உண்டு. அதன் விலைதான் வேறு. விளம்பரத்தில் ஆறு படங்கள் போட்டும் அடிப்பக்கத்தை ஒன்றிலும் காட்டவில்லை. பழைய பீங்கான் வாங்குபவர் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.

இரண்டாவது, “முழுச் செட்”. ஆறு கோப்பை, ஆறு சோசர், ஆறு சிறு தட்டு, ஒரு கேக் தட்டு, பால் குவளை, சீனிக் கிண்ணம் என்று எண்ணிக்கை சரிவருகிறது. ஆனால் சீனிக் கிண்ணம் இந்தச் செட்டில் உள்ளதல்ல. பகல் வெளிச்சத்தில் பால் குவளையோடு சேர்த்து வைத்தால் ஒன்று நீலம் கலந்த வெள்ளை, மற்றது மஞ்சள் கலந்த வெள்ளை. முத்திரையும் வேறு.

மூன்றாவதுதான் ஆபத்தானது. ஒரு கோப்பையின் பிடி உடைந்து ஒட்டப்பட்டு, மேலே வர்ணம் பூசி மறைக்கப்பட்டிருக்கிறது. கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டோர்ச்சை இருட்டில் அடித்தால் பிடியின் இரு முனையும் மட்டும் வேறு நிறத்தில் ஒளிர்கிறது. நகப்பூச்சை அழிக்கும் கியூடெக்ஸ் ரிமூவர் தொட்ட பஞ்சால் துடைத்தபோது வர்ணம் பஞ்சில் வந்துவிட்டது. சூளையில் சுட்ட மெருகு அப்படிக் கரையாது. இந்தப் பசை சூடான தேநீரில் இளகக்கூடும். நிறைந்த கோப்பையைத் தூக்கும்போது பிடி மட்டும் கையில் மிஞ்சினால், தேநீர் மடியில்தான். பால் குவளையில் மயிரிழை வெடிப்பு. பென்சிலால் தட்டினால் மணிபோல் கணீரென்று கேட்காமல் மொக்கையாகக் கேட்கிறது. வெடிப்புக்குள் பழைய கறை ஊறியிருப்பதால் இது குரியரில் வந்ததல்ல.

குரியரில் உடைந்தது வேறு: இரண்டு சோசர், ஒரு சிறு தட்டு. காரணம் பொதி செய்த விதம். தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, இடையில் ஒற்றைப் பத்திரிகைத் தாள். கந்தளாய் தாண்டி வரும் லொறி குலுங்கும்போது மேலுள்ள பாரம் முழுவதும் அடித்தட்டின் நடுவில் இறங்கும். தட்டுகளைத் தனித்தனியே சுற்றி விளிம்பில் நிறுத்தி அடுக்க வேண்டும். கோப்பைக்குள் தாளை அடைத்து, பிடியைத் தனியாகச் சுற்றி, பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, சுற்றிவர இரண்டு அங்குலம் ரெஜிபோம் (தெர்மோகோல்) போட்டிருந்தால் உடைந்திராது.

“பாவித்த பொருளுக்குத் திருப்பி எடுத்தல் இல்லை” என்று உங்கள் ஊழியர் தொலைபேசியில் சொன்னார். தங்க விளிம்பு தேய்ந்திருப்பது, கரண்டிக் கீறல் இருப்பது பாவித்ததால் வருவது. அதைப் பற்றி முறைப்பாடு இல்லை. வயதைப் பொய்யாகச் சொன்னதும் பிடியை ஒட்டியதை மறைத்ததும் பாவித்ததால் வந்ததா?

38,500 ரூபாவும் குரியர் கூலி 1,850 ரூபாவும் சேர்த்து 40,350 ரூபாவை 14 நாட்களுக்குள் வங்கிக் கணக்கில் வைப்பிலிடுங்கள். செட்டை உங்கள் செலவில் எடுத்துச் செல்லலாம். உடைந்த துண்டுகளையும் பெட்டியையும் எறியாமல் வைத்திருக்கிறேன். தவறினால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்வேன். விளம்பரத்தின் பிரதி, பற்றுச்சீட்டு, முத்திரை, வெடிப்பு, பொதி பிரித்த படங்கள் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
உப்புவெளி, திருகோணமலை