பதிவு அலுவலகத்தாருக்கு: என் மகள் பெயர் யாழினி

மதிப்புக்குரிய பிறப்புப் பதிவு அலுவலகத்தாருக்கு,

வணக்கம். நடந்தது உங்களுக்குத் தெரியும். என் விண்ணப்பம் மூன்று வாரமாக உங்கள் மேசையில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததற்கு இதுவரை பதில் வரவில்லை. அதனால் இதை என் மொழியில், தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நம் ஆட்கள் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். என் மகள் பெயர் யாழினி. அதை யாழினி என்றே பதிந்து கொடுங்கள்.

படிவத்தில் நான் பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஒன்றாக எழுதிக் கொடுத்தேன். தமிழின் ழ-வுக்கு ஆங்கிலத்தில் எழுத்து கிடையாது, இசட்டையும் ஹெச்சையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். உங்கள் கணினியில் தட்டியபோது அந்த ஹெச் விழுந்துவிட்டது. அச்சாகி வந்த சான்றிதழில் என் மகள் யாசினி. தமிழ் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: யாழினி என்றால் யாழ் போல இனிமையானவள். யாசித்தல் என்றால் பிச்சை கேட்பது. நான் வைத்தது ஒன்று, நீங்கள் எழுதியது இன்னொன்று.

தட்டும்போது தவறு வரும், எனக்கும் தெரியும், நானும் அலுவலக வேலை பார்க்கிறவள்தான். என் கோபம் அந்தத் தவறின் மேல் இல்லை. சான்றிதழைக் கையில் வாங்கியதும், கவுண்டரை விட்டு ஓர் அடிகூட நகராமல், அங்கேயே நின்று, "இது தப்பாக இருக்கிறது" என்று சொன்னேனே, அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. "ஒரு லெட்டர்தானே, வீட்டில் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம்" என்றார் அங்கே இருந்தவர். அவர் சட்டையில் குத்தியிருந்த பெயரும் நம் பெயர்தான். அச்சாகிவிட்டது, இனி முடியாது, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள், காவல் நிலையத்தில் அஃபிடவிட் வாங்கி வாருங்கள், கட்டணம் கட்டுங்கள் என்று வரிசையாகச் சொன்னார்.

பெயர் மாற்றமா? நான் எதையும் மாற்றவில்லை. நீங்கள் மாற்றியதைத் திருப்பிக் கேட்கிறேன்.

அன்று காலை 5 மணிக்கே வரிசையில் நின்றேன். குழந்தைக்கு 24 நாள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் பதிய வேண்டும், அதற்குமேல் தள்ளிப்போட முடியாது. வயிற்றில் தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. நடுவில் சிஸ்டம் ஆஃப்லைன் என்று இரண்டு மணி நேரம் யாரும் எங்கும் நகரவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு சுலு பாட்டி தன் மடக்கு நாற்காலியை எனக்குக் கொடுத்தார். குழந்தை பெயரையும் அதன் பொருளையும் கேட்டார், சொன்னேன். அவர்கள் வீட்டிலும் பொருள் இல்லாமல் பெயர் வைப்பதில்லையாம். தாண்டேகா என்றால் அன்புக்குரியவள். அதை எழுதும்போதும் முதலெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹெச் வரும், அதை எடுத்துவிட்டால் அது எங்கள் பெயரே இல்லை என்றார். உள்ளே போவதற்கு முன்பே அந்தப் பாட்டிக்குப் புரிந்த விஷயம் இது.

இந்தப் பெயரை நாங்கள் ஒரே நாளில் பிடித்துவிடவில்லை. ஏழு மாதம் தேடினோம். என் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, 84 வயது, டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் எங்களோடு இருக்கிறார். அவர் சின்ன வயதில் தமிழ் படித்தது சாயங்கால வகுப்பில், பள்ளிக்கூடத்தில் அதற்கு இடமில்லை. குழந்தையின் மழலைக்கு முன்னால் குழலும் யாழும் ஒன்றுமில்லை என்று அப்போது மனப்பாடம் செய்ததை இன்றும் மறக்கவில்லை. அவர்தான் ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே, "யாழினின்னு வையேன்" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. பதினாறாம் நாள் என் நாத்தனார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வலது காதில் மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னாள். மூன்றாவது முறை குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது. தற்செயல் என்று என் கணவர் சொல்கிறார், சொல்லட்டும். 3.2 கிலோவில் பிறந்த என் மகள் இப்போது ஆயாவின் தாலாட்டைக் கேட்டால் அழுகையை நிறுத்தித் தலையைத் திருப்புகிறாள். வேறு யார் பாடினாலும் திரும்புவதில்லை, நான் பாடினாலும்தான். அவளுக்கு வேறு எந்தப் பெயரும் பொருந்தாது.

எங்கள் ஊரில் ழ வராதவர்கள் நிறைய. யாளினி என்று கூப்பிடுகிறார்கள், அதில் எனக்கு வருத்தமே இல்லை. வாயில் வராதது வேறு, எழுதிக் கொடுத்ததை மாற்றுவது வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எல்லாரும் பேசத் தயங்குவது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது. 1911 வரைக்கும் அப்படி ஒன்றரை லட்சத்துக்கு மேல் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, காதில் விழுந்தபடி பெயரை எழுதினார்கள். முதலியார் மூட்லி ஆனதும் கவுண்டர் கோவெண்டர் ஆனதும் அப்படித்தான். என் பாட்டனாருக்குப் பாட்டனாருடைய பெயரில் அன்று இரண்டு எழுத்து பிசகியது, அந்தப் பிசகுதான் இன்று எங்கள் குடும்பப் பெயர். கப்பல் பட்டியலில் அவரைக் கண்டுபிடிக்க என் அப்பாவுக்கு ஆறு வருடம் ஆயிற்று, ஏனென்றால் சரியான பெயரில் தேடினால் அப்படி ஓர் ஆளே இல்லை. கடைசியில் எண்ணை வைத்துத்தான் கிடைத்தார். குமாஸ்தா என்ன எழுதினான் என்று அவருக்குப் படிக்கத் தெரியாது, தெரிந்திருந்தாலும் வாய் திறந்திருக்க முடியாது. எனக்குப் படிக்கத் தெரியும். படித்தேன், அங்கேயே சொன்னேன். 160 வருடம் கழித்தும் பதில் அதேதான் என்றால், நான் எப்படிப் பேசாமல் இருப்பது?

பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பது இந்த நாட்டில் நமக்கு என்றைக்கும் சின்ன விஷயமாக இருந்ததில்லை. 1913-ல் நம் முறைப்படி நடந்த கல்யாணங்கள் செல்லாது என்று கேப் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தபோது நம் பெண்கள் சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22-ல், 16 வயதில் செத்துப்போனாள். இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பிறந்த கணத்திலிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெயருக்கு உரிமை உண்டு என்கிறது. 6-ஆம் பிரிவு மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. அந்த உரிமைக்கும் மதிப்புக்கும் உங்கள் கவுண்டரில் ஒரு ஹெச் அளவுக்கு இடம் வேண்டும்.

எங்கள் தலைமுறையில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் பேச வராது. நான் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்க் கற்றதால் இவ்வளவாவது எழுதுகிறேன். பல வீடுகளில் மிச்சம் இருக்கிற தமிழ், பிள்ளைகளின் பெயர் மட்டும்தான். அதிலும் கை வைத்தால் எங்களுக்கு என்ன இருக்கிறது?

சரி, கோபத்தில் நீட்டிக்கொண்டே போகிறேன், மன்னியுங்கள். அந்தக் கவுண்டரில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது சுலபமில்லை என்றும் தெரியும். தயவு செய்து இரண்டு உதவி செய்யுங்கள். என் கைப்பட எழுதிய படிவம் உங்களிடமே இருக்கிறது, அதைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பிழை யாருடையது என்று தெரிந்துவிடும். பிழை திருத்தமாக அதைச் சரிசெய்யுங்கள், பெயர் மாற்றமாக இல்லை. அப்புறம், இனி வருகிற தாய் தகப்பனுக்கு அச்சிடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை திரையைத் திருப்பிக் காட்டுங்கள். அரை நிமிஷம் ஆகுமா?

ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு கிளினிக் போயிருந்தோம். சான்றிதழைப் பார்த்து அட்டையில் ஏற்றியிருந்தார்கள் போல. நர்ஸ் "யாசினி" என்று கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது முறை கூப்பிட்டபோது ஆயா என் தோளைத் தொட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரும்வரை பேசவே இல்லை.

பத்தாவது வாரத் தடுப்பூசிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் என் மகளின் பெயரைத் திருத்தித் தாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
யாழினியின் அம்மா
சாட்ஸ்வொர்த், டர்பன்