தம்பி இங்கேயே படிக்கட்டும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நியூசிலாந்தில் நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். மெல்பேர்னில் வெயில் தொடங்கியிருக்கும், வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே.

போன கிழமை நீ ஃபோனில் சொன்னதை அப்பாவும் நானும் யோசித்துப் பார்த்தோம். தம்பியைக் கடைசி வருடத்துக்காவது நகரத்துப் பக்கம் ஒரு நல்ல பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொல்கிறாய். அவனில் இருக்கிற பாசத்தில்தான் சொல்கிறாய். ஆனால் நாங்கள் மாற்றப்போவதில்லை. ஃபோனில் காரணம் சொல்லப்போனால் நீ இடையில் மறித்துக் கதைப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ படித்த காலத்தில் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் டெசைல் என்று 1 முதல் 10 வரை ஒரு எண் இருந்ததே, நினைவிருக்கிறதா? 1995 இல் கொண்டுவந்தது. எங்கள் தெற்கு ஆக்லாந்துப் பக்கத்து மாங்கெரே, ஓட்டாராப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் டெசைல் 1, ஆகக் கீழ்ப்படி. தாய் தகப்பனின் வருமானம், தொழில், ஒரு வீட்டில் எத்தனை பேர் நெருக்கியடித்து இருக்கிறார்கள் என்று குடிசன மதிப்பில் இருந்து எடுத்த கணக்கு அது. வகுப்பில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று அதில் ஒரு சொல் இல்லை. 2023 இல் அரசாங்கமே அதைக் கைவிட்டுவிட்டது. சனம் இன்னும் விடவில்லை. எங்கள் கோயிலிலும் அதே கதைதான்.

நவம்பரில் தம்பி எழுதப்போகிற என்.சி.இ.ஏ. (பள்ளிக்கூடத் தேசியச் சான்றிதழ்) லெவல் 2 எழுத்துச் சோதனை நாடு முழுவதற்கும் ஒரே தாள். திருத்துவதும் வெளியாட்கள். அடுத்த வருடம் பல்கலைக்கழக அனுமதிக்கு லெவல் 3 இல் மூன்று பாடங்களில் 14 கிரெடிட் (தேர்ச்சிப் புள்ளி) வீதம் எடுக்கவேண்டும். அதுவும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பரிசளிப்பு இரவுக்கு நீ இருந்திருக்கவேண்டும். ஆறு மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. டொங்காக்காரர் இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு, குக் தீவு அம்மாமார் தலையில் பூ முடியோடு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஊரே வந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சமோவா அம்மம்மா இரண்டு நாளாக இருந்து ஊலா லோலே என்கிற இனிப்பு மாலை கட்டினா. செலோபேன் தாளில் இனிப்பை வரிசையாக வைத்துச் சுருட்டி, ஒவ்வொரு இனிப்புக்கும் இடையில் ரிப்பனால் முடிச்சுப் போட்டு, நுனியைக் கத்தரிக்கோலால் இழுத்துச் சுருளவிடவேணும். நானும் இருந்து கட்டினேன், விரல் எல்லாம் ரிப்பன் அறுத்த கோடு. பேரன் சமோவா மொழிப் பாடத்தில் முதலாவதாக வந்தான். அதுவும் என்.சி.இ.ஏ. பாடம்தான், பல்கலைக்கழக அனுமதிக்கும் சேரும். அவன் மேடையால் இறங்க முதலே சித்திமாரும் மாமாமாரும் கூவி ஆடி, கழுத்தில் மாலைக்கு மேல் மாலை, கடைசியில் கண் மட்டும்தான் தெரிந்தது. தம்பிக்குப் பௌதிகத்தில் பரிசு. அவன் பேர் வாசித்தபோதும் அதே சத்தம் மகள்! நாங்கள் மூன்று பேர்தானே வந்திருந்தோம், கத்தினது யார் என்று திரும்பிப் பார்த்தால் அந்த வீட்டுச் சனம் முழுக்க எழும்பி நிற்கிறது. டக்ஸ், அதுதான் பள்ளிக்கூடத்திலேயே முதல் இடம், எடுத்த பிள்ளைக்குத் தோளில் மாவோரிச் சிறகுப் போர்வை போட்டு, பொடியன்கள் ஹாக்கா என்கிற மாவோரி ஆட்டம் ஆடினார்கள். யாழ்ப்பாணத்தில் நான் வாங்கின பரிசுக்குக் கை தட்டினார்கள். இது வேறு.

குறை இல்லை என்று சொல்லவில்லை. 2024 இல் இருந்து எழுத்து, வாசிப்பு, கணக்கு மூன்றுக்கும் தனிச் சோதனை சித்தியடையவேணும், இல்லாவிட்டால் அதற்கு ஈடாக ஏற்கிற வேறு கிரெடிட்டாவது எடுக்கவேணும்; இரண்டும் இல்லை என்றால் எந்த லெவலும் கையில் கிடைக்காது. வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைகள் அதில் மறிபட்டு நிற்கிறார்கள். விமான நிலையப் பக்கக் கிடங்குகளில் இரவு வேலை செய்துவிட்டு விடிய வகுப்புக்கு வருகிற பொடியன்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இன்னும் வாத்திமாரும் நேரமும் கொடுக்கவேணும், கெட்டிக்காரப் பிள்ளைகளை மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டு போவதால் ஒன்றும் சரிவராது.

தம்பி செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் பக்கத்து வீட்டுச் சமோவாக்காரருடைய தேவாலய மண்டபத்துக்குப் போகிறான். ஐந்தாறு பேர் சேர்ந்து பழைய தாள்கள் செய்கிறார்கள். அந்த அம்மம்மா சோப் சூயி நூடுல்ஸ் சமைத்து அனுப்புவா. ஒருவன் வராவிட்டால் மற்றவன் வீட்டுக்கே போய்க் கூட்டிக்கொண்டு வருவான். இதை விட்டுவிட்டு, ஒருவரையும் தெரியாத இடத்தில், சோதனை வருடத்தில், அவன் தனியாய் இருந்து என்னத்தைப் படிப்பான்? நீயும் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் எஞ்சினியர் ஆனாய்.

நீ செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பௌதிகத்தில் மெக்கானிக்ஸ் தாள் ஒன்றுக்கே 6 கிரெடிட், அதில் எறியம் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஞாயிறு பின்னேரம் வீடியோவில் எடுத்துச் சொல்லிக் கொடு. பக்கத்து வீட்டுப் பேரனும் இருப்பான், அவனுக்கும் விளங்கக்கூடியதாக ஆங்கிலத்தில் சொல்லு.

அன்புடன்,
அம்மா