விண்வெளி நிலையத்துக்கு ஒரு டிஎன்எஸ் ரெக்கார்டு

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். சர்வதேச விண்வெளி நிலையம் இந்த நொடியில் எங்கே பறக்கிறது என்பதை இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் வழியாகவே தர முடியுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக முடியும். வெப் சர்வரும் வேண்டாம், ஏபிஐ சாவியும் வேண்டாம். ஆனால் ரெக்கார்டுக்குள், அதாவது ஒரு பெயருக்கு டிஎன்எஸ்ஸில் எழுதும் பதிவுக்குள், எதை வைக்கிறாய் என்பதில்தான் சூட்சுமம்.

எல்லோரும் முதலில் எடுப்பது இடத்தைக் குறிக்கும் எல்ஓசி ரெக்கார்டு. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1876 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் இருக்கிறது. மொத்தம் 16 பைட். உயரத்தைத் தரைமட்டத்துக்கு 100 கி.மீ. கீழேயிருந்து சென்டிமீட்டரில் எண்ணும். நிலையம் 420 கி.மீ. உயரத்தில் இருந்தால் உள்ளே போகும் எண் 5,20,00,000. மேல் வரம்பு 42,849 கி.மீ. என்பதால் 35,786 கி.மீ.யில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கும் இடம் உண்டு. துல்லியத்தை நீ குறிப்பிடாவிட்டால் கிடைமட்டம் 10 கி.மீ., செங்குத்து 10 மீட்டர் என்று அதுவே போட்டுக்கொள்ளும். இந்தப் 10 மீட்டர் சுத்தப் பொய். டிஎல்இ-யிலிருந்து (சுற்றுப்பாதையை எண்களில் சொல்லும் இருவரிக் குறிப்பு) கணக்கிட்ட இடத்தில் 1 கி.மீ. பிசகு சகஜம். இரண்டுக்கும் 2000 மீட்டர் என்று எழுதிவிடு.

இடத்தைக் கணக்கிடும்போது ஒரு பொறி. டிஎல்இ-யிலிருந்து இடத்தைக் கணக்கிடும் எஸ்ஜிபி4 முறை தரும் ஆயங்கள் பூமியோடு சுழலாதவை. நட்சத்திர நேரத்தைக் (நட்சத்திரங்களை வைத்து அளக்கும் பூமிச் சுழற்சி) கொண்டு திருப்ப மறந்தால் அட்சரேகை சரியாக வரும், தீர்க்கரேகை மட்டும் எங்கோ போகும். பூமியை உருண்டை என்று வைத்துக் கணக்கிட்டால் அட்சரேகையும் 21 கி.மீ. வரை தவறும். அட்சரேகை சுமார் 51.8 பாகையைத் தொட்டுத் திரும்புகிறதா என்று ஒரு சுற்று, அதாவது சுமார் 93 நிமிடம், பார்த்துவிட்டால் போதும்.

பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வரில் ரெக்கார்டை என்எஸ்அப்டேட் கருவி மூலம் 5 விநாடிக்கு ஒருமுறை மாற்றலாம். நாளுக்கு 17,280 மாற்றம். மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் கோப்பு ஊதும், அளவுக்கு வரம்பு போடு. பழையதை நீக்குவதும் புதியதைச் சேர்ப்பதும் ஒரே செய்தியில் போகவேண்டும். தனித்தனியாக அனுப்பினால் இடைவெளியில் கேட்டவருக்கு 'ரெக்கார்டு இல்லை' என்ற பதில் போய், அதுவும் கேஷில் (பதில்களைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) உட்காரும். எஸ்ஓஏ என்ற தலைப்பு ரெக்கார்டின் கடைசி எண், அதாவது 'இல்லை' என்ற பதிலை வைத்திருக்கும் விநாடி, 3600 என்றிருந்தால் ஒரு மணி நேரம் வெறுமைதான். பவர்டிஎன்எஸ் என்ற இன்னொரு சர்வரில் பைப் பேக்எண்ட் (பதிலை வெளி நிரலிடம் கேட்டு வாங்கும் வசதி) வைத்துக் கேட்கும்போதே கணக்கிடுவது இதைவிடச் சுத்தம். அதன் பாக்கெட் கேஷ், கொயரி கேஷ் இரண்டும் வழக்கமாக 20 விநாடியில் இருக்கும், இரண்டையும் பூஜ்யமாக்கு.

இத்தனையும் செய்தாலும் இது ஒட்டுப்போட்ட வேலைதான் என்பது என் அபிப்பிராயம். நிலையம் விநாடிக்கு 7.66 கி.மீ. ஓடுகிறது, டிடிஎல் (பதிலைக் கேஷில் வைத்திருக்கும் காலம்) 5 விநாடி என்றாலே 38 கி.மீ. பழசு. கேட்பவருக்காக நடுவில் இருந்து பதில் வாங்கித் தரும் ரிசால்வர் டிடிஎல்லைத் தன் இஷ்டத்துக்கு ஒரு நிமிடமாக ஏற்றினால் 460 கி.மீ. எல்ஓசி-யில் நேரத்துக்கு இடமே இல்லாததால் வாங்குபவருக்குப் பழசு என்றே தெரியாது.

ஆகவே இடத்தைக் கொடுக்காதே, சுற்றுப்பாதையைக் கொடு. டிஎல்இ என்பது 69 எழுத்து கொண்ட இரண்டு வரி. நடுவில் ஒரு செங்குத்துக் கோடு வைத்துச் சேர்த்தால் 139. எழுத்துகளை வைக்கும் டிஎக்ஸ்டி ரெக்கார்டின் ஒரு சரத்துக்கு வரம்பு 255, தாராளமாக அடங்கும். டிடிஎல் 7200 வைக்கலாம், ஏனென்றால் பிசகு நாளுக்கு 1 முதல் 3 கி.மீ. அளவில்தான் வளரும். கேஷ் இப்போது உன் பக்கம் வேலை செய்கிறது. நிலையத்தை உந்தி உயர்த்திய நாளில் மட்டும் பழைய டிஎல்இ செல்லாது. டிஎல்இ வெளியிடும் செலஸ்டிராக் தளத்திலிருந்து 2 மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் இறக்காதே. நிலையத்தின் பட்டியல் எண் 25544.

சரத்தை மேற்கோள் குறிக்குள் போடு. இல்லாவிட்டால் இடைவெளி வந்த இடத்திலெல்லாம் அது தனித்தனிச் சரமாக உடையும். வாங்கும் நிரல் அவற்றை இடைவெளியின்றி ஒட்டும். எழுத்து நிற்கும் இடத்தை வைத்துப் படிக்கும் நெடுவரிசைகள் நகர்ந்து எல்லாம் பாழ். ஒவ்வொரு வரியின் கடைசி இலக்கமும் சரிபார்ப்பு எண்தான்: அதற்கு முந்தைய இலக்கங்களைக் கூட்டு, கழித்தல் குறிக்கு 1 சேர், 10-ஆல் வகுத்த மீதி பொருந்த வேண்டும். வாங்கும் கணினியின் கடிகாரம் என்டிபி-யில் (இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) இருக்கட்டும். ஒரு விநாடி தவறினால் 7.66 கி.மீ. போச்சு.

ஸோன் (டிஎன்எஸ்ஸில் நீ நிர்வகிக்கும் பகுதி) பெயரை எழுது, இங்கிருந்து டிக் என்ற டிஎன்எஸ் வினவல் கருவியைப் போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்