தண்ணீர்மலை என்ற பெயரும் பலகையில் ஏறட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பினாங்கு மலைப் பாதைகளைப் பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தாவரவியல் பூங்கா அருகே நிலா வாசல் என்ற வட்ட வடிவ வாயிலில் தொடங்கி, 84ஆம் முகாம் என்ற இளைப்பாறும் இடம் வழியாகக் கொடிமலைக்கு (பினாங்கு மலைக்கு) ஏறும் வழியை எழுதியவர் நன்றாகவே சொல்லியிருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் நான் நடக்கும் பாதை அது. கட்டுரையில் லோத்தோங் குரங்கு வந்தது, 1884இல் தாவரவியல் பூங்காவை அமைத்த சார்ல்ஸ் கர்டிஸ் வந்தார். தண்ணீர்மலை என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் வரவில்லை. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அருவி விழுகிற மலை என்பதால் இந்த மலைப் பகுதிக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. ஜார்ஜ்டவுன் நகரம் குடித்த தண்ணீர் அந்த நாளில் இங்கிருந்துதான் இறங்கியது. முருகன் கோயிலே முதலில் அருவிக்கரையில் சிறு வழிபாட்டிடமாக இருந்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று தைப்பூசத்தன்று 513 படி ஏறிப் பாலதண்டாயுதபாணியைக் கும்பிட்டு இறங்குகிறோம். கொஞ்ச தூரத்திலேயே காட்டுப் பாதை தொடங்குகிறது. அதில் கால் வைத்த தமிழ்க் குடும்பங்களை நான் கண்டது குறைவு.

காரணம் என்னவென்று என் பேத்தியை அழைத்துப்போன அன்று புரிந்தது. பூங்காவில் நாகலிங்க மரத்தைப் பார்த்ததும் பிள்ளைக்கு ஒரே மகிழ்ச்சி. படமெடுத்த நாகம் லிங்கத்துக்குக் குடை பிடிப்பது போன்ற அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தாள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்று சொன்னேன், நம்பவில்லை. நிலா வாசலின் வட்டத்துக்குள் நின்று, யார் கட்டியது என்று கேட்டாள். சியா சென் இயோக் என்ற செல்வர் கட்டியது என்பார்கள். விக்டோரியா ராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காக 60 அடியில் மணிக்கூண்டு எழுப்பக் கொடை கொடுத்தவர் அவர்தான். "நம்ம ஆளுங்க என்ன கட்டினாங்க பாட்டி?" என்றாள் அடுத்து.

வழியில் நான் பார்த்த பலகைகளில் அதற்குப் பதில் இல்லை. 1790களிலிருந்து இந்தியாவிலிருந்து கைதிகள் கப்பலில் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. இந்தத் தீவில் காடு வெட்டினார்கள், சாலை போட்டார்கள், பாலம் கட்டினார்கள். 1923இல் மலை ரயில் ஓடத் தொடங்கும்வரை துரைமார்கள் குதிரையிலும் டோலியிலும்தான் மேலே போனார்கள். டோலி தானாக ஏறாது, யாரோ ஒருவர் தோள் கொடுத்திருக்கிறார். அந்தத் தோள்களுக்கு ஒரு வரிகூட இல்லையே என்பது என் ஆற்றாமை.

அம்புக்குறிகளைக் குறை சொல்ல மாட்டேன். பிரிவுப் பாதைகளில் அவை இல்லாவிட்டால் என்னைப் போன்ற வயதானவர்கள் தனியே வரவே முடியாது. வைத்தவர்களுக்கும், வழியில் தண்ணீர் சுமந்து வந்து தேநீர் கலக்கிக் கொடுக்கும் சீனத் தொண்டர்களுக்கும் என் நன்றி.

இன்னொன்றும் தமிழில் எழுதியாக வேண்டும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லோத்தோங், இலை தின்னும் குரங்கு. அதன் வயிறு பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் இலையை நொதிக்கவைத்த பிறகுதான் அதற்குச் சத்து கிடைக்கும். பிரசாத வாழைப்பழமும் ரொட்டியும் அந்த வயிற்றைக் கெடுத்துவிடும். கேரா என்ற நீண்டவால் குரங்கோ எதையும் தின்னும், கொடுத்துப் பழக்கினால் பையையே பறிக்கும். அன்று பேத்தியின் பையும் போனது. புண்ணியம் என்று நினைத்துக் கொடுக்கிறவர்கள் நம்மில் பலர். அவர்களுக்குப் புரிகிற மொழியில் யாராவது சொல்ல வேண்டாமா? தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆரஞ்சு நிறக் குட்டியை ஒருமுறை பார்த்தவர், அப்புறம் பழம் நீட்ட மாட்டார் என்று நான் நம்புகிறேன்.

2021இல் யுனெஸ்கோ இந்த மலையையும் அதையொட்டிய கடலையும் சேர்த்து 12,481 ஹெக்டேரை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதன் பெயரில் புதிய பலகைகள் இன்னும் வரும். அவற்றில் தண்ணீர்மலை என்ற பெயரும், கைதிகளையும் சுமையாட்களையும் பற்றி நான்கு வரியும், குரங்குக்குத் தீனி வேண்டாம் என்ற அறிவிப்பும் தமிழில் இடம்பெற வேண்டும். நம் இயக்கங்கள் சேர்ந்து மாநில அரசிடம் கேட்க, உங்கள் பத்திரிகை முதலில் குரல் கொடுக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். பலகையில் எழுத்துப்பிழை பார்க்க ஆள் தேவைப்பட்டால், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நிலா வாசலில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஜெலுத்தோங், பினாங்கு