ஆயர், பேராயர், திருப்பலி: சபைக்குச் சபை பொருள் மாறும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டச் செய்திகளில் எல்லாத் திருச்சபைகளுக்கும் ஒரே சொற்களைப் போட்டு எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது. பாம்பன், தங்கச்சிமடம் போன்ற கடலோர ஊர்களில் கத்தோலிக்கர் அதிகம். கொடியேற்றம், தேர்பவனி, திருப்பலி, பங்குத்தந்தை என்ற சொற்கள் நிருபர்களுக்குக் கைவந்தவை. அவை கத்தோலிக்க ஆலயத்துக்குச் சரியானவை. அதே சொற்களை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயச் செய்தியில் வைத்தால் நடந்தது ஒன்று, அச்சாவது வேறொன்று என்றாகிவிடுகிறது.

பெரிய குழப்பம் 'ஆயர்' என்ற சொல்லில்தான். கத்தோலிக்கர் ஆயர் என்றால் ஒரு மறைமாவட்டத்தின் தலைவர். இந்தக் கரைக்கு அது 1987இல் உருவான சிவகங்கை மறைமாவட்டம். சி.எஸ்.ஐ.யில் ஆயர் என்பவர் ஒரு சேகரத்தை (கத்தோலிக்கரின் பங்கு போன்றது) கவனிக்கும் குருவானவர். மணமானவராகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். 'பேராயர்' என்பதும் இப்படியே. கத்தோலிக்கருக்குப் பேராயர், ஆயருக்கு மேற்பட்ட உயர்மறைமாவட்டத் தலைவர். சி.எஸ்.ஐ.யிலோ மறைமாவட்டத்துக்கு இணையான திருமண்டலத்தின் தலைவரே பேராயர். அவருக்கு மேல் இன்னொரு குருத்துவப் பட்டம் கிடையாது. பேராயர்களுள் ஒருவரைச் சபையின் உச்ச மன்றமான சினாட், மாடரேட்டராக (சபைத் தலைவராக) தேர்ந்தெடுக்கிறது. அது குறிப்பிட்ட காலத்துக்கான பொறுப்பு. ஆகவே 'ஆயர் வருகை' என்று மட்டும் தலைப்பிட்டால், வந்தது சேகரக் குருவானவரா மறைமாவட்டத் தலைவரா என்று பாதி வாசகர்களுக்கு விளங்காது. சபையின் பெயரைச் சேர்த்து எழுதினால் போதும்.

அடுத்தது திருப்பலி. இந்தச் சொல்லை சி.எஸ்.ஐ. ஆராதனைக்குப் பயன்படுத்தவே கூடாது. கிறிஸ்து சிலுவையில் ஒரே தரம் செலுத்திய பலி நிறைவானது, போதுமானது என்பதை 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை மரபு) ஜெபப்புத்தகத்தின் நற்கருணை ஜெபம் அழுத்திச் சொல்கிறது. அந்த மரபில் வந்தவர்கள் மேசையில் நடப்பதைத் 'திருவிருந்து' என்பார்கள். 'நற்கருணை ஆராதனை' என்று எழுதினாலும் சிக்கல் தீராது. சி.எஸ்.ஐ.யில் அது அப்பமும் திராட்சரசமும் பகிரப்படும் முழு ஆராதனை. கத்தோலிக்கரிடம் அது திருப்பலியில் எழுந்தேற்றம் செய்த (அர்ச்சித்த) நற்கருணையின் முன் நடக்கும் வழிபாடு. திருவிருந்து என்று எழுதுவதே பிழைக்கு இடம் தராதது.

பெரிய வெள்ளி அன்று வரும் பிழை இன்னும் மோசம். 'புனித வெள்ளியை முன்னிட்டு அனைத்துத் தேவாலயங்களிலும் சிறப்புத் திருப்பலி' என்ற வரி ஆண்டுதோறும் வருகிறது. அன்று கத்தோலிக்க ஆலயத்திலும் திருப்பலி கிடையாது. ஆண்டவரின் பாடுகளை வாசித்து, சிலுவையை வணங்கி, முந்தைய நாள் திருப்பலியில் எழுந்தேற்றம் செய்து வைத்த நற்கருணையைத்தான் வழங்குவார்கள். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் நண்பகல் 12 முதல் 3 வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தியானித்து, இடையிடையே பாமாலையும் ஜெபமும் வரும். திருவிருந்து வழக்கமாக அதற்கு முந்தைய பெரிய வியாழன் மாலையே நடந்திருக்கும். அந்த ஒரே வரி இரு திருச்சபைகளுக்குமே பொருந்தவில்லை.

சி.எஸ்.ஐ.யை 'ஆங்கிலிக்கன் சபை' என்று மட்டும் குறிப்பதும் அரைகுறை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒன்றானபோது பிறந்தது அது. மதுரை-ராமநாதபுரம் திருமண்டலமே அதற்குச் சான்று. ராமநாதபுரத்தில் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் வேலை செய்தது. மதுரைப் பக்கம் 1834இல் தொடங்கிய அமெரிக்கன் மிஷன் காங்கிரிகேஷனல் மரபுடையது. அந்தத் திருமண்டலத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின் ஸ்காட்லாந்துச் சபையின் மிஷனரி. அதனால்தான் ஒரே திருமண்டலத்தில் ஒரு சேகரம் அச்சிட்ட வழிபாட்டு முறைமையை வரிக்கு வரி பின்பற்றும், அடுத்தது ஆயரின் சொந்த ஜெபத்துக்கு நிறைய இடம் விடும். 1950இல் வந்த சி.எஸ்.ஐ. திருவிருந்து முறைமை இந்த மரபுகளையெல்லாம் இணைத்தது. குருவானவர் சபையாரை நோக்கி மேசைக்குப் பின்னால் நிற்பதும், சமாதான வாழ்த்து கையோடு கையாகச் சபையெங்கும் கடத்தப்படுவதும் அதன் அடையாளங்கள். கத்தோலிக்க வழிபாட்டில் சீர்திருத்தம் கொண்டுவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பே வந்தவை இவை.

2025 அக்டோபரில் சாரா முல்லலி கேன்டர்பரியின் 106ஆவது தலைமைப் பேராயராக அறிவிக்கப்பட்டார். அந்தப் பதவியை 'ஆங்கிலிக்கரின் போப்' என்று தமிழில் விளக்குவது தவறு. ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் அவருக்கு முதல் மரியாதை உண்டு. இங்குள்ள பேராயரை நியமிக்கவோ நீக்கவோ அதிகாரம் கிடையாது. பெண் ஒருவர் பேராயராவது நமக்குப் புதிதும் அல்ல. சி.எஸ்.ஐ. 2013இலேயே புஷ்பா லலிதாவை நந்தியால் பேராயராக அபிஷேகம் செய்தது. இங்கிலாந்து திருச்சபை தன் முதல் பெண் பேராயரை அபிஷேகம் செய்தது 2015 ஜனவரியில்.

தேர்தல் செய்திகளிலும் கவனம் வேண்டும். பேராயரைச் சபை மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. திருமண்டலப் பெருமன்ற உறுப்பினர்கள் வாக்களித்துப் பெயர்ப்பட்டியல் ஒன்றை அனுப்புவார்கள்; அதிலிருந்து ஒருவரை சினாட் தரப்பு தெரிவு செய்யும். நிலத் தகராறுச் செய்திகளில் வரும் 'பேராயருக்குச் சொந்தமான இடம்' என்பதும் பொதுவாகப் பிசகு. சொத்துகள் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பவை.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து தொடங்குமுன் மாவட்ட நிருபர்களுக்கு ஒரு சிறு சொற்பட்டியல் கொடுத்துவிடுங்கள். சி.எஸ்.ஐ.க்கு: திருமண்டலம், சேகரம், ஆயர், திருவிருந்து, ஞானஸ்நானம், திடப்படுத்தல், லெந்து. கத்தோலிக்கருக்கு: மறைமாவட்டம், பங்கு, பங்குத்தந்தை, திருப்பலி, திருமுழுக்கு, உறுதிபூசுதல், தவக்காலம். சந்தேகம் வந்தால், செய்தி தருபவரிடம் 'எந்தச் சபை, எந்த ஆராதனை' என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சி.எஸ்.ஐ. சபை வாசகர் ஒருவர்,
ராமநாதபுரம்