யார் பின்னணியில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மக்கள் கூட்டமாகத் தெருவுக்கு வந்தாலே, 'இதற்குப் பின்னால் யார்?' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கூடங்குளம் எதிர்ப்புக்கு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களைக் காரணம் சொன்னார் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங். அது 2012. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் முடிவில் 'சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள்' என்றது காவல்துறை. எங்கள் தருமபுரி மாவட்டத்திலும் 2018இல் இதே பேச்சுதான்.

சேலம் - சென்னை எட்டு வழிச் சாலைக்காக அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் அளவுக்கல் நட வந்தபோது, கிணறும் தென்னையும் போகிறதே என்று பெண்கள் அழுதார்கள். அவர்களை வெளியாட்கள் தூண்டிவிட்டார்களாம்! சொந்த நிலம் பறிபோவதை எதிர்க்க ஒருவர் வந்து சொல்லித்தர வேண்டுமா?

சரி, கட்சிகள் வரவில்லையா? வந்தன. அப்போதைய தருமபுரி எம்.பி. அன்புமணி ராமதாஸ் வழக்கே தொடுத்தார். அதில் ரகசியம் ஒன்றுமில்லை. நிலம் இழக்கவிருந்த விவசாயிகளும் நீதிமன்றம் போனார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்து செய்தது, மனுவில் இருந்த சட்டக் காரணங்களைப் பார்த்துத்தான். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அறிவிப்பு செல்லும் என்றது. அங்கும் வாதம் சட்டத்தைப் பற்றித்தான்.

பணம் வந்தது, சதி நடந்தது என்று சொல்பவர்கள் கணக்கைக் காட்டட்டும், வழக்குப் போடட்டும். அதுவரை, அப்படிப்பட்ட குற்றச்சாட்டைப் பத்திரிகைகள் வெளியிடும்போது, ஆதாரம் என்ன என்று கேட்டு அதையும் சேர்த்து அச்சிட வேண்டும்.

- ஒரு வாசகர், அரூர்